எடத்துவா பெருநாளுக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 27-ஆம் தேதி கொடியேறி, மே 7-ஆம் தேதி பெரிய பவனி நடக்கிற எடத்துவா பெருநாளுக்குத் தமிழ்நாட்டின் தென்கடற்கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போய் வருகிறார்கள். குமரி, நெல்லை, தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்வதானால், கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில், குட்டநாட்டு வயல்களுக்கு நடுவே, பம்பை ஆற்றங்கரையில் இருக்கிற சிற்றூர் அது. 1810-இல் நிறுவப்பட்ட புனித ஜார்ஜியார் ஆலயத்தைச் சுற்றித்தான் அந்த ஊரே நடக்கிறது. திருச்சபை நாட்காட்டியில் ஜார்ஜியாரின் நாள் ஏப்ரல் 23 என்றாலும், எடத்துவாவில் கூட்டம் திரள்வது கோடை உச்சத்தில், மே மாத முதல் வாரத்தில்தான். ஊர் வேனில், உறவுக்கூட்டத்தோடு, அரிசியும் அண்டாவும் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு நான் எழுதுவதால் பெரிய பயன் இல்லை. வயதான தாயையோ தகப்பனையோ அழைத்துக்கொண்டு தனியாகப் போக நேர்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். போய்ப் பழகியவர்கள் எல்லாரும் கூட்டமாகவே போவதால், தனியாகப் போகிற ஒருவருக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிவதில்லை. அதனால் எனக்கு யாரும் சொல்லவும் இல்லை.

என் தாய்க்கு 74 வயது. என் தம்பி ஒரு காலத்தில் மாதக்கணக்கில் தூக்கமில்லாமல், வீட்டை விட்டு இறங்கி எங்கெங்கோ நடந்துகொண்டிருந்தான். மனநலக் கோளாறுகளுக்கு ஜார்ஜியாரிடம் வேண்டிக்கொள்வது எடத்துவாவில் நெடுநாள் வழக்கம். நோயுற்றவர்களை அழைத்துக்கொண்டு வருகிற குடும்பங்களை இன்றும் அங்கே பார்க்கலாம். அம்மா அப்போது ஒரு நேர்ச்சை நேர்ந்துகொண்டார். தம்பியை நாங்கள் மனநல மருத்துவரிடமும் காட்டினோம், மாத்திரையும் தொடர்ந்து கொடுத்தோம், இப்போது அவன் தன் வேலையைத் தானே பார்க்கிறான். யாரால் குணமானான் என்று அம்மாவிடம் நான் வாதிடுவதில்லை. ஆனால் இதே வேண்டுதலோடு போகிறவர்கள் பயணத்தின்போது மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்திவிடக் கூடாது என்பதை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு குடும்பம் ‘புண்ணியவாளனிடம் (புனிதரிடம்) வந்த பிறகு எதற்கு மருந்து’ என்று நிறுத்திவிட்டு, இரவு முழுவதும் அந்தப் பையனைப் பிடித்து வைக்கப் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் ஊர் வேன் புறப்பட்ட நாளில் அலுவலகத்தில் எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பெருநாள் முடிவதற்குள் நேர்ச்சையைச் செலுத்தியே ஆக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்ததால், நாங்கள் இருவர் மட்டும் தூத்துக்குடியிலிருந்து பாலருவி விரைவு வண்டியில் கிளம்பினோம். உறுதியான இடம் கிடைக்கவில்லை, ஆர்.ஏ.சி.யில் ஒரே படுக்கையை இருவரும் பகிர்ந்துகொண்டு, அம்மா படுக்க நான் காலடியில் உட்கார்ந்திருந்தேன். அம்பலப்புழையில் இறங்கிவிடு, அங்கிருந்து பேருந்து உண்டு என்று உறவினர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். காயங்குளம் தாண்டிய பிறகு, எதிரே இருந்த மலையாளிப் பெரியவர் ஒருவரிடம் அம்பலப்புழை எப்போது வரும் என்று கேட்டபோதுதான், இந்த வண்டி அந்தப் பக்கமே போகாது என்று தெரிந்தது. திருவனந்தபுரம், கொல்லம் பக்கமிருந்து வருகிற தண்டவாளம் காயங்குளத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஹரிப்பாடு, அம்பலப்புழை, ஆலப்புழை என்று கடலோரமாகப் போகிறது. மற்றொன்று மாவேலிக்கரை, செங்கன்னூர், திருவல்லா, கோட்டயம் என்று உள்நாடாகப் போகிறது. இரண்டும் எர்ணாகுளத்தில்தான் மீண்டும் சேர்கின்றன. என் உறவினர் போனது குருவாயூர் விரைவு வண்டியில், அது ஆலப்புழை வழி. நாங்கள் போன பாலருவியோ கோட்டயம் வழி.

நல்ல வேளையாக எடத்துவா இந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவில், அம்பலப்புழை–திருவல்லா சாலையில் ஏறக்குறைய பாதித் தொலைவில் இருக்கிறது. ஆகவே கோட்டயம் வழி வண்டியானால் திருவல்லா, ஆலப்புழை வழி வண்டியானால் அம்பலப்புழை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். எங்கே இறங்கினாலும் சுமார் 15 கிலோமீட்டர்தான் மிச்சம். பயணச்சீட்டு எடுக்கும்போதே வண்டி எந்த வழி என்று பார்த்து, இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அன்று அந்தப் பெரியவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நாங்கள் கோட்டயமும் கடந்து போயிருப்போம்.

திருவல்லாவில் காலையிலேயே இறங்கிவிட்டோம். கேரள அரசுப் பேருந்துகள் பெருநாளுக்கென்று கூடுதலாக ஓடுகின்றன, கட்டணமும் அதிகமில்லை. ஆனால் பையையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் ஏற முடியாமல் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் 600 ரூபாய் கேட்டார். அதை நான் குறை சொல்லவில்லை. ஊருக்குள் வண்டி நுழைய முடியாத இடத்தில் இறக்கிவிட்டு, ‘அம்மச்சியைச் சூக்ஷிச்சோ’ (அம்மாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்) என்று சொல்லி, பையைக் கடைத் திண்ணை வரை தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் போனார்.

உண்மையான துன்பம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. தெரிந்தவர் ஒருவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து, பெருநாள் நாட்களுக்கு ஒரு வீட்டு அறையை முன்கூட்டியே பேசியிருந்தேன். ஆலயத்திலிருந்து ஐந்து நிமிட நடை, ஆற்றைப் பார்த்த சன்னல், மேற்கத்தியக் கழிப்பறை என்று படங்களோடு வந்த செய்தி அது. பேசியவர் நல்ல தமிழில் பேசினார். பெருநாள் நேரம், முன்பணம் இல்லாமல் அறை நிற்காது என்றார். 4,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். அவர் சொன்ன வீட்டுப் பெயரைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தால், அந்த வீட்டுக்காரர்களுக்கு அறை வாடகை என்றால் என்னவென்றே தெரியவில்லை. வாசலில் நின்றபடி அந்த எண்ணை அழைத்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டு அம்மாள் அம்மாவை உட்கார வைத்துச் சீரகத் தண்ணீர் கொடுத்தார். அவர் மீது கோபப்பட எதுவும் இல்லை, ஆனாலும் எனக்கு அவரைப் பார்க்கவே கூசியது. அவர் வீட்டுப் பெயரை வைத்து யாரோ ஏமாற்றியதற்கு நான் போய் அவரிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று முழுவதும் விடுதி விடுதியாக ஏறி இறங்கினேன். இடம் இல்லை என்றார்கள், இருந்த ஓரிடத்தில் ஓர் இரவுக்கு 5,000 கேட்டார்கள். சாயங்காலம் ஆலய வளாகத்தில் ஒரு மரத்தடியில் அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு, அவர் பார்க்காத பக்கமாகத் திரும்பி அழுதேன். அம்மாவின் நேர்ச்சை மீதே அப்போது எனக்கு வெறுப்பு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இந்த வகை மோசடியில் பணம் போனால், உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்துச் சொல்லிவிட வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் சொன்னால் அதை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. நேரம் போகப் போக அந்த வாய்ப்புக் குறைகிறது. நான் பணம் அனுப்பி வாரங்கள் ஆகியிருந்ததால் புகார் எண் மட்டும் கிடைத்தது, பணம் வரவில்லை. முன்பணம் கேட்கிறவரிடம் வீடியோ அழைப்பில் அறையையும், வாசலையும், வாசலிலிருந்து தெரிகிற தெருவையும் காட்டச் சொல்லுங்கள்; மறுத்தால் விட்டுவிடுங்கள். ஆலய அலுவலகத்தையே தொலைபேசியில் அழைத்துத் தங்குமிடம் பற்றிக் கேட்பது இன்னும் நல்லது, தமிழில் கேட்டாலும் பதில் சொல்கிறார்கள். திருவல்லாவிலோ ஆலப்புழையிலோ அறை எடுத்துக்கொண்டு பகலில் மட்டும் எடத்துவாவுக்கு வந்து போவது முதியவர்களுக்கு மிக வசதி. ஆலப்புழை சற்றே தூரம் என்றாலும் சுற்றுலா ஊர் என்பதால் எல்லா விலையிலும் அறை கிடைக்கும்.

எங்களுக்கு இடம் கொடுத்தவர்கள் குமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்திருந்த பெண்கள். ஆலயத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு வீட்டின் கூடத்தையும் முற்றத்தையும் ஆண்டுதோறும் அவர்கள் ஊரார் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். விளக்குப் போட்ட பிறகும் நாங்கள் மரத்தடியிலேயே இருப்பதைப் பார்த்து, ‘வயசானவள வச்சிக்கிட்டு ராத்திரில எங்க மக்ளே போவ? வா, பாய் கெடக்கு’ என்றார் ஒரு பாட்டி. முற்றத்தில் மூன்று கல் அடுப்பு, அதில் ஒரு பெரிய அண்டாவில் கஞ்சி, கொடியில் ஈரத் துணிகள், கூடம் முழுக்க வரிசையாகப் பாய். கதவுக்குப் பக்கத்தில் காற்று வருகிற இடத்தை அம்மாவுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். பணம் கொடுக்கப் போனபோது, அரிசிக்கு வேண்டுமானால் கொடு என்று 200 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெருநாள் எப்படி நடக்கிறது என்பது எனக்கு அந்தக் கூடத்தில்தான் புரிந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்களைத் தாங்குவது விடுதிகள் அல்ல. ஊர் ஊராக, பரம்பரையாகப் பிடித்து வைத்திருக்கிற இந்தக் கூடங்களும் முற்றங்களும்தான். ஆகவே தனியாகப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது விடுதி தேடுவதல்ல, தன் பங்குத்தந்தையிடமோ பக்கத்துப் பங்கிலோ எந்த ஊரார் போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று விசாரிப்பதுதான். வேனில் இடம் இல்லாவிட்டாலும் பாயில் இடம் இருக்கும்.

மறுநாள், மே 6, நேர்ச்சை செலுத்தப் போனோம். பொன்னாபரணங்கள் பூட்டிய ஜார்ஜியாரின் சொரூபத்தை மே 3-ஆம் தேதியே பொது வணக்கத்துக்கு எடுத்து வைத்துவிடுகிறார்கள். குதிரை மேல் அமர்ந்து, காலடியில் கிடக்கும் பறவை நாகத்தை (டிராகனை) ஈட்டியால் குத்துகிற கோலம். பாம்புக்கடியிலிருந்து காக்கிறவர் என்று கேரளத்தில் அவரை நம்புவதால், சிறு பாம்பு உருவங்களைக் காணிக்கையாக வைக்கிறவர்களும் வரிசையில் இருந்தார்கள். வரிசை வெயிலில் வளைந்து வளைந்து நின்றது. எங்கள் தூத்துக்குடி வெயில் இதைவிடக் கடுமையானது என்று நினைத்துத்தான் அம்மா குடையை மடக்கிக் கையில் வைத்திருந்தார். ஆனால் குட்டநாட்டின் சூடு வேறு மாதிரி. நாலு பக்கமும் ஆறும் வாய்க்காலும் வயலில் நிற்கும் நீருமாக இருப்பதால் வியர்வை உலரவே உலராது. உடம்பு வெந்துகொண்டே இருக்கும். சொரூபத்துக்குக் கொஞ்சம் முன்னால் அம்மாவின் பேச்சுக் குழறத் தொடங்கியது. பிறகு அப்படியே என் மேல் சாய்ந்துவிட்டார்.

தொண்டர்களாக நின்ற இளைஞர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மருத்துவ உதவி முகாமில் சேர்த்தார்கள். அங்கே இருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, அம்மா இரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது. மருந்துச் சீட்டு என் கைப்பையில் இருந்ததால் காட்ட முடிந்தது. அதில் சிறுநீரை அதிகம் போக்குகிற மாத்திரை ஒன்று இருந்தது. அதோடு, கழிப்பறைக்கு அலைய வேண்டுமே என்று அம்மா காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார். இரண்டும் சேர்ந்து உடம்பில் நீர் வற்றிவிட்டது என்றார். நரம்பில் திரவம் ஏற்றி, மாலை வரை படுக்க வைத்திருந்தார்கள். முகாமில் பணம் வாங்கவில்லை, வெளியே வாங்கிய மருந்துக்கு 450 ரூபாய் ஆனது. அந்த மாலை வரை எனக்கு இருந்த பயத்தை எழுத்தில் சொல்ல முடியாது. மொழி அரைகுறையாகத்தான் புரிகிற ஊரில், ஒரு முடிவையும் யாரிடமும் கேட்டு எடுக்க முடியாமல் அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். தம்பிக்குக்கூடச் சொல்லவில்லை, அவன் பதறுவானே என்று.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன்பே குடும்ப மருத்துவரிடம், இந்த வெயிலில் இவ்வளவு நேரம் நிற்கப் போகிறார், மாத்திரைகளை எப்படிக் கொடுப்பது என்று கேட்டுவிடுங்கள். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது. மருந்துச் சீட்டு கையில் இருக்க வேண்டும், பெரிய பையில் அல்ல. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். குட்டநாட்டில் எங்கு திரும்பினாலும் தண்ணீர்தான், ஆனால் குடிக்கிற தண்ணீருக்கு உள்ளூர்க்காரர்களே சிரமப்படுகிறார்கள். ஆகவே உணவகங்களில் கொதிக்க வைத்துத் தருகிற வெந்நீரையோ மூடி உடையாத புட்டியையோ மட்டும் நம்புங்கள். கழிப்பறை எங்கே என்பதை வரிசையில் நிற்பதற்கு முன்பே பார்த்து, அம்மாவிடமும் காட்டிவிடுங்கள். இது தெரியாததால்தான் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். வரிசைக்கு விடியற்காலைதான் சரியான நேரம். நடக்க முடியாதவர்களைத் தொண்டர்களிடம் காட்டிக் கேட்டால் பக்க வழியாக விடுகிறார்கள் என்பதும் எனக்கு முகாமில் வைத்துத்தான் தெரிந்தது. அன்று அந்தியில், அந்தத் தொண்டர்களே அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சொரூபத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நேர்ச்சை அப்படித்தான் செலுத்தப்பட்டது.

மே 7 மாலைப் பவனியை நாங்கள் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையிலிருந்தும், பிறகு தெருமுனையிலிருந்தும் பார்த்தோம். முத்துக்குடைகள், செண்டை, அதன் பின்னால் சொரூபங்கள். பெரிய சொரூபத்துக்குத் தோள் கொடுத்தவர்களில் நம் கடற்கரை ஆட்கள் பலர்; சிவப்புத் துண்டை நாலாக மடித்துத் தோளில் வைத்து, அதன் மேல் தண்டை ஏற்றியிருந்தார்கள், துண்டு முழுக்க நனைந்து கறுத்திருந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடியே நின்றார். பட்ட பாட்டை எல்லாம் மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் நானும் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றேன்.

திரும்பும் பயணத்தில் மீண்டும் ஓர் இழப்பு. பாலருவி மாலையில் பாலக்காட்டிலிருந்து புறப்பட்டு, இரவில் திருவல்லாவைக் கடக்கிறது. பவனி நாலு மணிக்குத்தானே, முடிந்ததும் ஓடிப் பிடித்துவிடலாம் என்று எல்லாரும் சொன்னதை வைத்து அதே இரவுக்குச் சீட்டு எடுத்திருந்தேன். ஆனால் பவனி நாளில் பிற்பகலிலிருந்தே சாலைகளைத் திருப்பிவிடுகிறார்கள். ஆட்டோ உள்ளே வராது. பேருந்து நிற்குமிடம் மாறிவிடுகிறது. ஆலயத்தைச் சுற்றிக் கைப்பேசி அழைப்பே போகாத அளவுக்கு நெரிசல். முந்தைய நாள் மயங்கி விழுந்தவரைக் கையைப் பிடித்து ஒரு கிலோமீட்டர் நடத்தி வெளியே கொண்டுவருவதற்குள் வண்டி போய்விட்டது. போன வண்டிக்குக் கட்டணம் திரும்பாது. திருவல்லா நிலையத்தின் காத்திருப்பு அறையில் இரவைக் கழித்து, மறுநாள் வேறு வண்டியில் திருவனந்தபுரம் வந்து, அங்கிருந்து பேருந்தில் நாகர்கோவில், திருநெல்வேலி என்று மாறி மாறி வீடு சேர்ந்தோம். ஏமாந்த முன்பணம், வீணான சீட்டு, ஆட்டோ, மருந்து எல்லாம் சேர்த்தால் 5,000 ரூபாய்க்கு மேல் வீணாகப் போயிருக்கும். அலுவலகத்தில் ஒரு நாள் சம்பளமும் பிடித்தார்கள்.

பெரிய பவனியைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் திரும்பும் சீட்டை 8-ஆம் தேதிக்கு எடுங்கள். முதியவரின் சட்டைப் பையிலோ முந்தானை முடிச்சிலோ உங்கள் பெயரும் எண்ணும் எழுதிய தாள் இருக்கட்டும், மலையாளத்திலும் எழுதச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி வேலை செய்யாத நேரத்தில் ஒலிபெருக்கி அறிவிப்புத்தான் கைகொடுக்கும். நேர்ச்சை மட்டுமே நோக்கம் என்றால் 6, 7 தேதிகளை விட்டுவிடுங்கள். சொரூபம் மே 3 முதலே வணக்கத்துக்கு இருக்கிறது. 4-ஆம் தேதி விடியற்காலை போனால் முன்னிரவுக்குள் திருவல்லா வந்து வண்டி ஏறிவிடலாம். பவனி முடிந்து எட்டாம் நாளான மே 14-ஐ எட்டாமிடம் என்று கொண்டாடுகிறார்கள். அதற்குள் தமிழ்நாட்டுக் கூட்டம் பெரும்பாலும் ஊர் திரும்பிவிடுகிறது. பெருநாள் நாட்களில் தமிழ்த் திருப்பலியும் உண்டு. நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அதையும் ஆலய அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

அம்மா அடுத்த ஆண்டும் போக வேண்டும் என்கிறார். குமரிப் பெண்களிடம் பேசினேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முடிவதற்குள் ஆள் கணக்குச் சொல்லிவிட வேண்டுமாம், வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று அப்போதே பிரித்துக்கொள்வார்களாம், பாயும் தலையணையும் தட்டும் அவரவருடையது, அரிசி பொது. இரண்டு பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கதவுப் பக்கத்து இடம் அம்மாவுக்குத்தான் என்று அந்தப் பாட்டி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.